இடைப்பட்ட நேரம்

"அப்பாவுக்கு அனுப்பிடுவேன்." பிள்ளைகளை மிரட்டும் சாட்டுகளில் நான் அதிகம் படித்த வரி இதுதான். சில சாட்டுகளில் ஆங்கிலத்தில் இருக்கும், சிலவற்றில் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் இருக்கும், இப்போதெல்லாம் ஏதோ ஒரு ஆப் மொழிபெயர்த்துக் கொடுத்த கோணல் தமிழிலும் வருகிறது. மிரட்டுகிறவன் ராஜஸ்தானில் இருக்கலாம், அடுத்த தெருவிலும் இருக்கலாம். அந்தப் பிள்ளையைப் பற்றி அவனுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வீட்டில் சொல்லப் பயப்படும் என்பது மட்டும் தெரியும். அந்த ஒன்றை முதலாக வைத்துத்தான் தொழில் நடத்துகிறான்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி வழக்கைப் புலன்விசாரணை செய்ய வேண்டியவர் ஆய்வாளர். பிள்ளைகளிடம் பேசுவது, வாக்குமூலம் எழுதுவது, வீட்டுக்கும் பள்ளிக்கும் போவது என் பங்கு. புகார் எதுவானாலும் நான் முதலில் குறித்துக்கொள்வது இரண்டு நேரங்களை. முதல் மிரட்டல் எப்போது வந்தது? ஒரு பெரியவரிடம் பிள்ளை எப்போது வாய் திறந்தது? இடையில் போனது சில மணி நேரமா, சில வாரமா என்பதைப் பார்த்தாலே எதை மீட்க முடியும், எது கைவிட்டுப் போய்விட்டது என்று ஓரளவு தெரிந்துவிடும். பணமானாலும் படமானாலும் கணக்கு ஒன்றுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிகளை மூடியபோது, அதுவரை அப்பா சட்டைப்பையில் இருந்த ஃபோன் பிள்ளை கைக்கு வந்தது. ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது பிறகு திரும்பிப் போகவில்லை. முதலில் எங்களிடம் வந்தவை விளையாட்டு சம்பந்தப்பட்டவை. ஃப்ரீ ஃபயரில் பாதி விலைக்கு டயமண்ட் தருகிறேன், ஐடியும் பாஸ்வேர்டும் கொடு என்பான் ஒருவன். பையன் கொடுப்பான், ஐடி போய்விடும். ஐடியைத் திருப்பித் தர அவன் பணம் கேட்க, பையன் அம்மாவின் ஜிபே பின்னைத் தட்டுவான். தொகை ஐந்நூறோ ஆயிரமோதான். சின்ன விஷயம் என்று பெற்றோர் அதட்டி அனுப்பிவிடுவார்கள். ஆனால் வீட்டில் சொன்னால் அடிதான் கிடைக்கும் என்று அந்தப் பையன் கற்றுக்கொண்டது அப்போதுதான். இரண்டு வருடம் கழித்துப் பெரிய சிக்கலில் மாட்டும்போது அவன் ஏன் மூச்சு விடவில்லை என்று அதே பெற்றோர் என்னிடம் கேட்பார்கள்.

ஒரு பையனைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிளஸ் ஒன் மாணவன். இரவு பதினொரு மணிக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பெயரில் ரிக்வெஸ்ட் வருகிறது. மியூச்சுவல் ஃபிரண்ட்ஸ் சிலரும் இருந்ததால் இவன் ஏற்றுக்கொள்கிறான். அரைமணி நேரப் பேச்சுக்குப் பிறகு வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்கிறாள். வீடியோ காலில் ஒரு பெண் உடையில்லாமல் தெரிகிறாள். அது முன்னமே எடுத்து வைத்த வீடியோ, அந்தப் பக்கம் பெண்ணே கிடையாது. இவனையும் அப்படி இருக்கச் சொல்லி எழுத்தில் செய்தி வருகிறது. சில நொடிகள்தான். கால் கட்டாகிறது. அடுத்த நிமிடம் அவன் முகம் தெரியும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் வருகிறது, கூடவே அவனுடைய ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட். அதில் சித்தப்பா மகள் இருக்கிறாள், டியூஷன் சார் இருக்கிறார். கணக்கு பப்ளிக்காக இருந்ததால் அந்தப் பட்டியலை எடுக்க மிரட்டியவனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஐயாயிரம் கேட்டான். பையன் அம்மாவின் ஃபோனிலிருந்து இரண்டாயிரம் அனுப்பிவிட்டு, வங்கி எஸ்எம்எஸ்ஸை அழித்துவிட்டான்.

பணம் கொடுத்ததும் நின்றுவிடும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். கொடுக்கிற பிள்ளை என்று தெரிந்துவிட்டால் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. மறுநாள் வேறொரு எண்ணிலிருந்து ஓர் ஆள் பேசினான். டிபியில் காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரங்கள். டெல்லி சைபர் கிரைம் இன்ஸ்பெக்டராம். "உன் வீடியோ யூடியூபில் ஏறியிருக்கிறது, நீக்க இந்த நபரைத் தொடர்புகொள்" என்று ஒரு எண் கொடுத்தான். அந்த நபர் கட்டணம் கேட்டான். மூன்றாம் நாள் அதே 'இன்ஸ்பெக்டர்', அந்தப் பெண் இறந்துவிட்டாள், உன்மேல் வழக்கு, கைது வாரண்ட் என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினான். மூன்று பேரும் ஒரே கூட்டம். பிள்ளைகள் மட்டுமல்ல, நடுத்தர வயதுக்காரர்களும் இதே நாடகத்தில் லட்சக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். ராஜஸ்தானின் பரத்பூர், ஹரியானாவின் நூ வட்டாரக் கும்பல்கள் இந்தத் தொழிலுக்குப் பெயர் போனவை. எங்கள் துறையில் புதிதாக வந்தவருக்குக்கூட இந்த ஊர்ப் பெயர்கள் தெரியும்.

பதினாறு வயதுப் பையனுக்கு அந்த வாரண்ட் நிஜம். அவன் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் சொன்னது அப்பாவிடமோ அம்மாவிடமோ இல்லை, தையல் கடை வைத்திருக்கும் அத்தையிடம். அந்த அம்மாள் ஒரு வார்த்தை திட்டாமல் கடையைப் பூட்டிவிட்டு அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மேடம், அப்பாவுக்குத் தெரியாம முடிச்சிர முடியுமா?" என்றுதான் பையன் ஆரம்பித்தான்.

"முதல்ல உக்காரு தம்பி. தண்ணி குடி. இங்க நீ புகார் கொடுக்க வந்தவன். உன்மேல எந்தக் கேஸும் இல்ல."

இதை நான் ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியமாகச் சொல்கிறேன். காவல் நிலைய வாசலுக்கு வரும்போதே தன்னைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பில்தான் பிள்ளை வருகிறது. நிஜப் போலீஸ் வாரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் கேட்காது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவேன். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அதன் 26ஆவது பிரிவு, பிள்ளையின் வாக்குமூலத்தைப் பெற்றோர் முன்னிலையில் அல்லது அந்தப் பிள்ளை நம்பும் வேறொருவர் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அன்றைக்கு அந்த 'வேறொருவர்' அத்தைதான். இந்தப் பிரிவை எழுதியவர்கள் நம் வீடுகளைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அப்பாவிடம் சொல்ல முடியாததைத் தாய்மாமனிடம் சொல்வார்கள், அத்தையிடம் சொல்வார்கள், சில பிள்ளைகள் பி.டி. சாரிடம் சொல்வார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதைத்தான் பெற்றோர் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவிடம் மறுநாள் நான்தான் பேசினேன், அத்தையை நடுவில் உட்கார வைத்து. பிள்ளையை மிரட்டிய ஆள் யார், எப்படிச் செய்தான் என்பதை முதலில் முழுக்கச் சொல்லிவிட்டு, பையன் செய்ததைக் கடைசியில் சொன்னேன். வரிசையை மாற்றிச் சொன்னால் அப்பாவின் காதில் அதற்கு மேல் ஒன்றும் ஏறாது. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலு நாளா சரியா சாப்பிடல, பரீட்சைப் பயம்னு நெனச்சேன்" என்றார். வீடியோ யாருக்கும் போகவில்லை. இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் போவதில்லை என்பது என் அனுபவம். அனுப்பிவிட்டால் மிரட்ட அவன் கையில் ஒன்றும் இருக்காது. பதில் வராத எண்ணை விட்டுவிட்டு அடுத்த பையனைத் தேடுவது அவனுக்கு லாபம். ஆனால் போகவே போகாது என்று எந்தப் பிள்ளைக்கும் நான் உறுதி கொடுப்பதில்லை. போனால் என்ன செய்வோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்றிரவு பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாதீர்கள் என்று வீட்டாரிடம் சொல்லாமல் அனுப்புவதில்லை. மனசு ரொம்பக் கனத்தால் 14416க்குப் பேசலாம், டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், கட்டணம் கிடையாது, எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.

எல்லா அப்பாக்களும் அப்படி உட்கார்ந்து கேட்பதில்லை. எங்கள் மேசைக்கு வரும் ஃபோன்களில் எத்தனையோ, திரை நொறுங்கி வருகின்றன. கோபத்தில் தரையில் அடித்துவிட்டுத்தான் புறப்பட்டிருப்பார்கள். உடைந்தது ஃபோன் மட்டுமென்றால் பரவாயில்லை. மிரட்டியவன் எந்தக் கணக்கிலிருந்து பேசினான், என்ன கேட்டான், எந்த யுபிஐ ஐடி கொடுத்தான் என்று வழக்குக்கு வேண்டிய எல்லாமே அதற்குள் இருந்தன. அம்மாக்கள் வேறு மாதிரி. பார்க்கவே கூசி எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். பிள்ளைகளோ பயத்தில் கணக்கையே டிலீட் செய்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பணம் கொடுக்கக் கூடாது, அவனோடு வாதாடக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது. சாட் முழுவதையும் மேலிருந்து கீழே வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு ரிப்போர்ட், பிளாக். இன்ஸ்டாகிராமில் அவன் வைத்திருக்கும் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் போதாது. புரொஃபைலின் லிங்க்கைக் காப்பி செய்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை, இதைப் பாருங்கள் என்று மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் அனுப்பக் கூடாது. எங்கள் வாட்ஸ்அப்புக்கும் அனுப்ப வேண்டாம். ஃபோனை எடுத்துக்கொண்டு நேரில் வந்தால் போதும்.

பெண் பிள்ளைகளிடம் வருகிறவன் அவசரப்படுவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் சாட்டை நாள்வாரியாக வரிசைப்படுத்தியபோது, மூன்று வாரத்துக்கு அதில் தப்பாக ஒரு சொல்கூட இல்லை. எதிரே இருந்தது 'அக்கா' என்று ஒரு கணக்கு, காலேஜ் படிக்கிறாளாம். இவள் போட்ட ரீல்ஸை அக்கா பாராட்டுகிறாள், அம்மா திட்டியதைக் கேட்டு ஆறுதல் சொல்கிறாள், பரீட்சை அன்று காலையில் மறக்காமல் ஆல் தி பெஸ்ட் சொல்கிறாள். பிறகு ஒரு சின்னச் சோதனை: "என்கிட்ட பேசுறத வீட்டுல சொல்லாத, தப்பா நெனப்பாங்க." இவள் சொல்லவில்லை என்று உறுதியானதும் பேச்சு ஸ்நாப்சாட்டுக்கு மாறுகிறது, பார்த்ததும் செய்தி மறைந்துவிடும் இடத்துக்கு. அதன் பிறகு அக்காவுக்கு ஒரு 'அண்ணன்' வருகிறான். முதலில் முகம் மட்டும் கேட்கிறான், பிறகு சீருடையில், பிறகு வேறு மாதிரி. எல்லாம் ஒரே ஆள்.

தெரியாதவர்களோடு பேசாதே என்று மேடையில் சொல்லும் அறிவுரை இந்தப் பிள்ளையிடம் ஏன் எடுபடவில்லை என்று கேட்டால், மூன்று வாரம் தினமும் பேசிய ஆள் அவளுக்குத் தெரியாதவர் இல்லை. வீட்டில் இருப்பவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர். அதனால் நான் பள்ளிகளில் ஆளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, கோரிக்கைகளைப் பற்றிப் பேசுகிறேன். வீட்டில் சொல்லாதே என்று கேட்டாலோ, வேறு ஆப்புக்கு வா என்று கூப்பிட்டாலோ, படம் கேட்டாலோ, கேட்பது யாராக இருந்தாலும், எத்தனை நாள் பழகியிருந்தாலும், அன்றைக்கே இன்னொருவர் காதில் போட்டுவிட வேண்டும்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான் போனது சுடிதாரில், என் ஸ்கூட்டியில். பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும் என்று போக்சோவின் 24ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்வதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர்த் தெருவில் ஜீப் ஒரு வீட்டு வாசலில் நின்றால், அது எதற்கு வந்தது என்று அந்தி சாய்வதற்குள் நாலு கதை கிளம்பிவிடும். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தபோது, "டீச்சரு, நோட்டு கொடுக்க வந்திருக்காங்க" என்று பெண்ணின் பாட்டி சமாளித்தார். பெண் என் முகத்தைப் பார்க்காமல் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டே பேசினாள். படத்தை அனுப்பியது தான்தானே, தன்னையும் பிடிப்பார்களா என்று கேட்டாள். மிரட்டியும் ஏமாற்றியும் படம் வாங்கியவன்தான் குற்றவாளி, அவள் பாதிக்கப்பட்டவள் என்று சொன்னபோது நம்பாத மாதிரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

படம் எங்கே போய் நிற்குமோ என்பதுதான் இந்தப் பிள்ளைகளைத் தூங்க விடாத பயம். 'டேக் இட் டவுன்' என்று ஒரு சேவை இருக்கிறது. காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023 பிப்ரவரியில் தொடங்கியது. பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. ஃபோனிலேயே அந்தப் படத்திலிருந்து கைரேகை போல ஓர் எண் தொடரை அது உருவாக்குகிறது, அந்த எண் மட்டுமே போகிறது. சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்த எண்ணோடு பொருந்தும் படம் வந்தால் கண்டுபிடித்து நீக்குகின்றன. பெயரும் கேட்பதில்லை. வாட்ஸ்அப் போலப் பூட்டிய உரையாடல்களுக்குள் இதனால் எட்டிப் பார்க்க முடியாது, அந்தக் குறை இருக்கிறது. இருந்தாலும் அன்றைக்குப் பாயில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து அதைச் செய்து முடித்தபோது அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். தன் கையால் செய்யக்கூடியது ஒன்று மிச்சம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிவது பெரிய விஷயம்.

பொள்ளாச்சி வழக்கை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2019இல் அது வெளிவந்தபோது, பெண்களை ஆபாச வீடியோ எடுத்து மிரட்டிய கொடுமையை விட, புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியில் வந்த செய்திதான் எங்கள் ஊர் அம்மாக்களின் மனதில் நின்றது. குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நான் பள்ளிகளில் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "அந்த அக்கா பேரு வெளிய வந்துருச்சுல்ல மேடம்?" என்று கேட்டாள். தீர்ப்பு வர ஆறு வருடம் ஆனது, பெயர் அதற்கு எவ்வளவோ முன்பே வெளியே வந்துவிட்டது என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு நினைவிருந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோ 23ஆவது பிரிவு சொல்கிறது. அதை நாங்கள் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் அடுத்த பிள்ளை வருவதற்கான வழி கொஞ்சம் திறக்கிறது. காப்பாற்றத் தவறினால் ஒரு ஊரே வாயை மூடிக்கொள்கிறது.

கூடப் படிக்கும் பிள்ளையின் அந்தரங்கப் படத்தைப் பரப்புவதை விளையாட்டாக நினைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். நான் அனுப்பவில்லை, வந்ததை ஃபார்வேர்டு பண்ணினேன் என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில், பிள்ளைகளின் ஆபாசப் படத்தைப் பரப்புகிறவர்களுக்கு முதல் முறையே ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் உண்டு. பரப்பியவன் சிறுவனென்றால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டும். இதைச் சொன்னதும் வகுப்பறையில் ஒரு சத்தமும் இருக்காது.

பணத்துக்கு வருகிறேன். இன்றைக்குப் பதினேழு பதினெட்டு வயதுக்காரர்களை அதிகம் சிக்க வைப்பது, அவர்களிடமிருந்து எடுக்கும் பணம் இல்லை, அவர்கள் வழியாகப் போகும் பணம். புதுமைப் பெண் திட்டம் 2022இலும், தமிழ்ப் புதல்வன் 2024இலும் வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் போகும் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. பல குடும்பங்களில் அதுதான் அந்தப் பிள்ளையின் முதல் பாஸ்புக். நல்ல திட்டங்கள், பல பிள்ளைகளின் பஸ் செலவும் புத்தகச் செலவும் அதில்தான் போகிறது. அந்தக் கணக்கின் மேல்தான் மோசடிக்காரர்களுக்குக் கண். டெலிகிராமிலோ சீனியர் ஒருவன் மூலமாகவோ கேட்பார்கள்: கணக்கைக் கொஞ்ச நாள் வாடகைக்குக் கொடு, பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம், மூன்றும் வேண்டும், ஐயாயிரம் தருகிறோம். நண்பனைச் சேர்த்துவிட்டால் இன்னும் ஆயிரம்.

அப்படிக் கொடுத்த ஒரு பையனின் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். வேறு மாநிலப் போலீசிலிருந்து நோட்டீஸ் வந்தது, அதுவும் அம்மா பெயருக்கு. பதினெட்டு வயதாகாதவருக்கு சிம் தர மாட்டார்கள் என்பதால் சிம் அம்மா பெயரில் இருந்தது. ஒரு மத்தியானத்துக்குள் அந்தக் கணக்கு வழியாக, யாரோ ஓய்வுபெற்ற ஒருவரின் சேமிப்பு லட்சக்கணக்கில் உள்ளே வந்து, சின்னச் சின்னத் தொகையாகப் பிரிந்து வெளியே போயிருக்கிறது. கணக்கு முடங்கியது. உதவித்தொகையும் அதற்குள் மாட்டிக்கொண்டது. "எம்பையன் யாருகிட்டயும் ஒத்த ரூவா திருடலையே மேடம்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல் அந்தத் திருட்டு நடந்திருக்காது என்பதும் உண்மை. தான் விற்றது பாஸ்புக்கை மட்டும் என்று நினைத்த பையனிடம், இழந்தவரும் ஒரு தாத்தா என்று எடுத்துச் சொன்னபோதுதான் அவன் அழுதான். கணக்கு வாங்கிய சீனியரின் பெயரை அன்றைக்குத்தான் சொன்னான்.

இந்தக் கணக்குகளின் அடுக்கில்தான், பணம் இழந்தவர்கள் அழைக்கும் 1930 என்ற உதவி எண் ஓட்டப்பந்தயம் ஓடுகிறது. இழந்தவர் அழைத்ததும் அவருடைய வங்கி, தொகை, யுபிஐ பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண் ஆகியவை பதிவாகி, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த கணக்குக்குத் தாண்டியிருந்தால் தகவலும் அடுத்த வங்கிக்குத் தாண்டுகிறது. ஏடிஎம்மில் எடுத்துவிட்டாலோ கிரிப்டோவாக மாற்றிவிட்டாலோ முடிந்தது. பிள்ளைகள் இங்கேயும் நேரத்தைத்தான் இழக்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகளுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, அனுப்பும் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்று கால் வரும். பிள்ளையின் பெயர், பள்ளி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். வீட்டில் ஃபோன் பிடிக்கத் தெரிந்தது மகள்தான் என்பதால் அவள்தான் ஸ்கேன் செய்து பின்னைப் போடுவாள். பணம் வாங்க பின் போட வேண்டியதே இல்லை, போட்டால் அது போவதற்குத்தான். ஒரு மாணவி பன்னிரண்டாயிரம் போனதை மூன்று நாள் மறைத்து வைத்திருந்தாள், அட்மிஷனுக்குச் சேர்த்த பணம். இன்னொருத்தி பத்து நிமிடத்தில் 1930ஐ அழைத்தாள், அவளுடைய தொகையில் பெரும்பகுதி நின்றது. இருவரும் ஒரே ஊர்தான். பணம் போனதும் முதலில் என்ன கேட்பார்கள் என்பதில்தான் இரண்டு வீடுகளுக்கும் வித்தியாசம் இருந்தது.

பிரேயரில் மைக் பிடித்து இருபது நிமிடம் பேசச் சொல்லிக் கூப்பிடும் பள்ளிகளிடம், வகுப்பு வகுப்பாக விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் பேர் வெயிலில் நிற்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் கை தூக்காது. வகுப்பில் அவரவர் ஃபோனில் எதை மாற்ற வேண்டும் என்று செய்து காட்டலாம். கணக்கை பிரைவேட்டாக்குவது, ஸ்நாப் மேப்பில் கோஸ்ட் மோட், வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். பள்ளியில் ஃபோன் கூடாது என்பதால் கரும்பலகையில் படம் வரைந்து காட்டுவேன், வீட்டில் போய்ச் செய்வார்கள். சின்ன வயதுக்காரர்களின் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும் கூடுதல் பாதுகாப்பு கொண்டுவந்தது. ஆனால் கணக்குத் தொடங்கும்போதே பிறந்த வருடத்தை மாற்றிப் போட்ட பிள்ளையை அது பெரியவராகத்தான் பார்க்கும். அதைத் திருத்தச் சொல்லி நான் கெஞ்சாத வகுப்பு இல்லை.

உண்மையான புகார் வகுப்பில் வராது. மணி அடித்த பிறகு, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் யாராவது ஒரு பிள்ளை வரும். "மேடம், என் ஃபிரண்டுக்கு ஒரு பிரச்சினை." அந்த ஃபிரண்டு யார் என்று நான் கேட்பதில்லை. ஃபிரண்டுக்கு என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே போவேன். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேசலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது, ஃபிரண்டு நம்பும் ஒரு பெரியவரிடம் நீ கூடப் போய்ச் சொல்லலாம், மகளிர் போலீசுக்கு வந்தால் அழ வேண்டியதில்லை, அழுதாலும் பரவாயில்லை. இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ அதே பிள்ளையிடமிருந்து, "மேடம், அது நான்தான்" என்று செய்தி வரும். வராமலும் போகும். வராதபோது வகுப்பு ஆசிரியரிடம் பெயர் சொல்லாமல், அந்த வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்று. பிள்ளையிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள், "ஃபோன்ல என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லு, சொன்னதுக்காக ஃபோனைப் பிடுங்க மாட்டேன்" என்று. பல அப்பாக்களுக்கு இதில் சம்மதமில்லை. தப்புச் செய்தவன் கையில் திரும்பவும் ஃபோனா என்று கேட்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரவு பத்துக்குமேல் ஃபோன் ஹாலில் இருக்கட்டும் என்றால் நானும் சரி என்பேன், அது எல்லோருக்கும் பொதுவாக, நல்ல நாளில் போட்ட விதியாக இருந்தால். சொன்னதற்குத் தண்டனையாகப் பிடுங்கினால், அடுத்த முறை சொல்ல மாட்டான். பிள்ளைக்கு இன்றைக்கு ஃபோன்தான் நண்பர்கள், வகுப்புக் குழு, நோட்ஸ், எல்லாமே. அதை இழப்பதா, முகம் தெரியாதவனுக்கு இன்னொரு ஐந்நூறு அனுப்புவதா என்று வந்தால் ஐந்நூறை அனுப்பிவிடும்.

இதில் எங்கள் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. புகார் கொடுத்த பிள்ளையின் ஃபோனை வழக்குச் சொத்தாக எடுத்துவிட்டால் அது நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம். அதைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் புகாரே வேண்டாம் என்கிறார்கள். எங்கள் நிலையத்தில் வேண்டிய சாட்டையும் விவரங்களையும் முறைப்படி நகலெடுத்து, சான்றிதழ் சேர்த்து, முடிந்தவரை ஃபோனை அன்றே திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறோம். எல்லா வழக்கிலும் முடிவதில்லை. முடியாத வழக்கில், திரும்பக் கேட்கும் மனுவை எப்படி எழுதுவது என்று வீட்டாருக்கு நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன், பிள்ளையின் பரீட்சைத் தேதியையும் அதில் குறிப்பிடச் சொல்லி.